பிள்ளை கையில் செல்போன், சாவி யார் கையில்?



சேமிப்பு, உள்கடன், கறவை மாடு, காளான் வளர்ப்பு என்று நாம் எத்தனையோ பாடங்களைக் கற்றுக் கொண்டிருக்கிறோம். இந்த மாதப் பாடம் கொஞ்சம் வேறு மாதிரி. பிள்ளைகள் பார்க்கும் ஸ்மார்ட்போனில் வேண்டாத வெப்சைட்டுகள் திறக்காமல் தடுப்பது எப்படி என்பதுதான் அது. "அதெல்லாம் நமக்கு எங்க தெரியும், அவங்க அப்பா பாத்துப்பாரு" என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். "அம்மா, அஞ்சு நிமிஷம் குடும்மா" என்று பிள்ளை போன் கேட்பது அப்பாவிடம் அல்ல, நம்மிடம்தான். போனைக் கொடுக்கிறவர்களுக்குப் பூட்டவும் தெரிந்திருக்க வேண்டும், இல்லீங்களா?

2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிக்கூடம் மூடிய பிறகுதான் நம் பக்கத்துப் பல வீடுகளுக்குள் ஸ்மார்ட்போன் வந்தது. தோட்டை அடகு வைத்து வாங்கியவர்கள் உண்டு, குழுவில் உள்கடன் எடுத்து வாங்கியவர்களும் உண்டு. வாட்ஸ்அப்பில் பாடம் வந்தது. பிறகு பள்ளிக்கூடம் திறந்தாச்சு, ஆனால் போன் போகவில்லை. வீட்டுப்பாடம், தேர்வு முடிவு, உதவித்தொகை விண்ணப்பம் எல்லாம் இன்று அதன் வழியாகத்தான். அதனால் "போனே வேணாம், தூக்கிப் போடு" என்று சொல்வது நடக்கிற காரியமில்லை.

கோர்ட்டு என்ன சொன்னது?

இது நம் ஒருத்தர் ரெண்டு பேர் கவலை இல்லை. 2020லேயே சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு வந்தது. ஆபாச வெப்சைட்டுகளைப் பிள்ளைகள் பார்க்க முடியாதபடி ஏற்பாடு செய்யும் வரை ஆன்லைன் வகுப்பே நடத்தக் கூடாது என்று கேட்டார்கள். நீதிமன்றம் வகுப்பைத் தடை செய்யவில்லை. அதற்கு முன்பே, 2018ல், மதுரைக் கிளையில் இன்னொரு பொதுநல வழக்கு போடப்பட்டிருந்தது. இன்டர்நெட் கொடுக்கும் கம்பெனிகளே பெற்றோருக்கு ஒரு கட்டுப்பாட்டு வசதி தர வேண்டும் என்பது அதன் கோரிக்கை. அந்த வழக்கில் 2025 டிசம்பரில் நீதிபதிகள் ஜி. ஜெயச்சந்திரன், கே.கே. ராமகிருஷ்ணன் தீர்ப்புச் சொன்னார்கள். ஆஸ்திரேலியா நாட்டில் 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் சமூக வலைத்தளங்களில் கணக்கு வைத்துக் கொள்ள முடியாது என்று சட்டம் வந்திருக்கிறது அல்லவா? அது போன்ற சட்டம் பற்றி மத்திய அரசு யோசிக்கலாம் என்றார்கள். கூடவே சொன்னதுதான் நமக்கு முக்கியம். கம்பெனிகள் எத்தனை வெப்சைட்டைத் தடுத்தாலும் போதாது, போனைப் பயன்படுத்துகிற இடத்திலேயே ஒரு கட்டுப்பாடு வேண்டும். அதற்குப் பெற்றோருக்கு விழிப்புணர்வு வேண்டும். அந்தச் செய்தியை எல்லா வழியிலும் மக்களிடம் கொண்டு போக வேண்டும் என்றும் சொன்னார்கள்.

கம்பெனி தடுத்தால் ஏன் போதாது? 2015ல் மத்திய அரசு 857 ஆபாச வெப்சைட்டுகளைத் தடுக்கச் சொல்லி, எதிர்ப்பு வந்ததும் சில நாளில் தளர்த்தியது. 2018ல் உத்தராகண்ட் உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு 827 வெப்சைட்டுகளைத் தடுத்தார்கள். பெயரில் ஒரு எழுத்தை மாற்றிக் கொண்டு புதுசாய் முளைத்துவிட்டன. ஏரியில் ஆகாயத்தாமரையை இந்தக் கரையில் வாரினால் அந்தக் கரையில் கிளம்புகிற மாதிரிதான்.

ஏரி என்றதும் நம்ம ஊர் விஷயம் ஒன்று சொல்லியாக வேண்டும். வேடந்தாங்கலில் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. வீட்டு வீட்டுக்கு போலீஸ் வந்து நிற்கிறதா? கூழைக்கடாவும் நத்தைகுத்தி நாரையும் மிரண்டு போகும் என்று பெரியவங்க சொன்னாங்க, நாம் கேட்டோம், நம்ம பசங்களும் கேட்கிறாங்க. 1798லேயே அன்றைய கலெக்டர் லியோனல் பிளேஸ் பறவைகளைக் காக்கும் உரிமையை ஊர்மக்களுக்கு எழுதிக் கொடுத்தார் என்பது வரலாறு. ஊர் முதலில் காவல் காத்தது, காகிதம் பிறகு வந்தது. பிள்ளைகள் போன் விஷயத்திலும் சட்டம் வரும்போது வரட்டும். அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை.

எப்படி வந்து சேருகிறது?

பிள்ளை தேடிப் போய்த்தான் பார்க்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. புதுப்படம் இலவசமாக டவுன்லோடு பண்ணும் சைட்டு, கேம்ஸுக்கு ஓசியில் டைமண்டு தருகிறேன் என்று சொல்லும் சைட்டு இவற்றைத் திறந்தால், நாம் தொடாமலே வேறு பக்கம் திறந்து கொள்கிறது. அதில் ஆபாசப் படம் வரும், சூதாட்ட விளம்பரமும் வரும். காசு கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்கு 2025 ஆகஸ்டில் மத்திய அரசு தடைச் சட்டம் கொண்டு வந்த பிறகும் இப்படிப்பட்ட விளம்பரங்கள் திருட்டு வழியில் எட்டிப் பார்க்கின்றன. பல நேரம் அந்தப் படம் பார்க்கும் சைட்டைப் பிள்ளைக்குக் காட்டிக் கொடுத்ததே வீட்டுப் பெரியவர்களாக இருப்பார்கள். இன்னொரு வழி, பெரியவர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் வரும் வீடியோ. தானாக இறங்கி கேலரியில் போய் உட்கார்ந்து கொள்கிறது. பிள்ளை தன் பிறந்தநாள் போட்டோவைத் தேடும்போது அது கண்ணில் படுகிறது.

முதல் வேலை: ஜிமெயில் யாருடையது?

பூட்டு போடுவதற்கு முன்னால் ஒன்றைத் தெரிந்து கொள்ள வேண்டும். உங்கள் போனில் இருக்கும் ஜிமெயில் முகவரி என்ன? பாஸ்வேர்டு என்ன? கேட்டால் நம்மில் பாதிப் பேர் "கடைக்காரர் போட்டுக் கொடுத்தாரு, என்னான்னு தெரியலயே" என்போம். இல்லாவிட்டால் "பையனுக்குத்தான் தெரியும்" என்போம். பூட்டு நம்முடையது, சாவி பையனிடம் என்றால் அது என்ன பூட்டு?

எனவே முதலில் அதைச் சரி செய்யுங்கள். போனில் செட்டிங்ஸ் போய், 'கூகுள்' என்று இருப்பதைத் தொட்டால் ஜிமெயில் முகவரி தெரியும். பாஸ்வேர்டு தெரியாவிட்டால் அங்கேயே மாற்றிக் கொள்ளலாம். மீட்பு எண் என்று கேட்கும் இடத்தில் உங்கள் எண் இருக்க வேண்டும், கடைக்காரர் எண் இருக்கக் கூடாது. முகவரியையும் பாஸ்வேர்டையும் ஒரு தாளில் எழுதி, ரேஷன் கார்டு, பாஸ்புக் வைக்கும் பையில் வையுங்கள். போனைத் திறக்கும் பின் நம்பர் பிள்ளையின் பிறந்த தேதியாக இருக்க வேண்டாம். அவர்கள் முதலில் போட்டுப் பார்ப்பது அதைத்தான்.

பிள்ளைக்குத் தனி போன் இருந்தால்

பிள்ளைக்கென்று தனி போன் இருக்கும் வீட்டுக்கு 'கூகுள் ஃபேமிலி லிங்க்' என்ற ஆப் ஏற்றது. இது இலவசம். நம் குழு வங்கிக் கணக்கை நினைத்துக் கொள்ளுங்கள். ஊக்குநர், பிரதிநிதிகள் கையெழுத்து இல்லாமல் ஒரு ரூபாய் எடுக்க முடியுமா? அதே மாதிரிதான். பிள்ளை போனில் புதிதாக ஒரு ஆப் போட வேண்டும் என்றால் அம்மா போனுக்கு அனுமதி கேட்டு வரும். நாம் 'சரி' என்றால்தான் இறங்கும்.

உங்கள் போனில் பிளே ஸ்டோரிலிருந்து ஃபேமிலி லிங்க் ஆப்பைப் போட்டு, பிள்ளையின் பெயரில் ஒரு கூகுள் கணக்குத் தொடங்க வேண்டும். பிறந்த தேதியை உள்ளது உள்ளபடி கொடுங்கள். சீக்கிரம் வேலை முடியட்டும் என்று 18 வயது என்று போட்டால், போன் அந்தப் பிள்ளையைப் பெரிய ஆளாகவே நடத்தும், எந்தத் தடுப்பும் வேலை செய்யாது. பிறகு அந்தக் கணக்கைப் பிள்ளையின் போனில் சேர்க்க வேண்டும். சேர்த்தபின் உங்கள் போனில் பிள்ளையின் பெயரைத் தொட்டு, 'கண்ட்ரோல்ஸ்', அதற்குள் 'கன்டென்ட் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்', அதற்குள் 'கூகுள் குரோம்' என்று போனால் மூன்று வழி காட்டும். எல்லா சைட்டையும் விடு என்பது ஒன்று. ஆபாசமானவற்றைத் தடுக்கப் பார் என்பது இரண்டாவது. நான் அனுமதித்த சைட்டை மட்டும் விடு என்பது மூன்றாவது. ஆரம்பப் பள்ளிப் பிள்ளைக்கு மூன்றாவது வழி போதும், அவர்களுக்கு நாலைந்து சைட்டுக்கு மேல் என்ன வேலை? ஏழாவது எட்டாவது போய்விட்டால் இரண்டாவது வழிதான் சரி. இல்லையென்றால் ஒவ்வொரு வீட்டுப்பாடத்துக்கும் நாம் களை எடுக்கிற இடத்தில் நின்றுகொண்டு அனுமதி கொடுத்துக் கொண்டிருக்க வேண்டும்.

இங்கே ஒரு ஓட்டை இருக்கிறது. இந்தத் தடுப்பு குரோம் வழியாகப் போனால்தான் வேலை செய்யும். போனோடு வரும் வேறு பிரவுசர் இருந்தால் பிள்ளை அதில் போய்விடலாம். ஃபேமிலி லிங்க்கிலேயே ஆப் பட்டியலைப் பார்த்து, மற்ற பிரவுசர்களை நிறுத்தி வையுங்கள். 'விபிஎன்' என்று பெயர் உள்ள எந்த ஆப்புக்கும் அனுமதி கொடுக்காதீர்கள். அது பின்பக்கத்து வேலியைத் தாண்டுகிற ஏணி. ராத்திரி எத்தனை மணிக்கு மேல் போன் திறக்கக் கூடாது என்பதையும் இதிலேயே வைத்துக் கொள்ளலாம். 13 வயது தாண்டி ஏற்கனவே சொந்தக் கணக்கு வைத்திருக்கும் பிள்ளையை இதில் சேர்க்க அவர்கள் சம்மதமும் வேண்டும். அதனால் திட்டிச் சேர்க்க முடியாது, உட்கார வைத்துப் பேசித்தான் சேர்க்க முடியும். அது நல்லதுதான் என்பது எங்கள் எண்ணம்.

வீட்டுக்கு ஒரே போன் என்றால்

நம்மில் பலர் வீட்டு நிலைமை இதுதான். பகலில் அம்மா போன், சாயங்காலம் பிள்ளை போன். இதில் ஃபேமிலி லிங்க் பொருந்தாது, ஏனென்றால் போனில் இருப்பது பெரியவருடைய கணக்கு. இப்படிப்பட்ட போனுக்கு வேறு வழி இருக்கிறது. அதன் பெயர் 'பிரைவேட் டிஎன்எஸ்'. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம்.

புதுசாக ஊருக்கு வருகிறவர் படாளம் கூட்ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, "வேடந்தாங்கல் எப்படிப் போகணும்?" என்று டீக்கடையில் கேட்பார் அல்லவா? போனும் அப்படித்தான். ஒரு வெப்சைட் பெயரை அடித்தவுடன் அதற்கு வழி தெரியாது. வழி சொல்வதற்கென்று இன்டர்நெட்டில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது, அதைக் கேட்டுத்தான் போகும். அந்த வழிகாட்டிதான் டிஎன்எஸ். சாதாரண வழிகாட்டி எங்கே கேட்டாலும் வழி சொல்லிவிடும். குடும்பங்களுக்கென்று ஏற்படுத்திய வழிகாட்டி கெட்ட இடத்துக்கு வழி கேட்டால் "அப்படி ஒரு இடமே இல்லை" என்று சொல்லிவிடும். கிளவுட்ஃபிளேர் என்ற கம்பெனி 2020 ஏப்ரலில் இப்படி ஒன்றை இலவசமாகத் தொடங்கியது. நாம் செய்ய வேண்டியது, போன் யாரிடம் வழி கேட்க வேண்டும் என்பதை மாற்றி வைப்பதுதான்.

2018க்குப் பிறகு வந்த ஆண்ட்ராய்டு போன்களில் பெரும்பாலும் இந்த வசதி இருக்கிறது. செட்டிங்ஸ் திறந்து, மேலே தேடும் கட்டத்தில் ஆங்கிலத்தில் டி, என், எஸ் என்று மூன்று எழுத்தை அடித்தால் 'பிரைவேட் டிஎன்எஸ்' வந்துவிடும். அதைத் தொட்டால் மூன்று வரி இருக்கும். கடைசி வரியைத் தேர்ந்தெடுத்து, கட்டத்துக்குள் 'ஃபேமிலி' புள்ளி 'கிளவுட்ஃபிளேர்' சிறு கோடு 'டிஎன்எஸ்' புள்ளி 'காம்' என்று ஆங்கிலச் சின்ன எழுத்தில், நடுவில் இடம் விடாமல் அடித்து சேவ் செய்ய வேண்டும். கல்லூரிக்குப் போகும் பெண்ணிடம் சொன்னால் சரியாக எழுதிக் கொடுத்துவிடும். ஒரு எழுத்து தப்பினாலும் நெட்டே வராது. போன் கெட்டுப் போச்சு என்று பதறாதீர்கள். மறுபடி அதே இடத்துக்குப் போய் 'ஆட்டோமேட்டிக்' என்பதைத் தொட்டால் பழையபடி வந்துவிடும். பிறகு நிதானமாகத் திரும்ப அடியுங்கள்.

போட்டு முடித்ததும் நாமே ஒரு தடவை சோதித்துப் பார்த்துவிட வேண்டும். வெட்கப்பட வேண்டாம். கதவைப் பூட்டிய பிறகு இழுத்துப் பார்க்கிறோம் இல்லையா, அது மாதிரி. வாழைப்பழத்தில் ஊசி மாதிரி சுலபமான இந்த வேலை சிம் நெட்டுக்கும் வைஃபைக்கும், எல்லா பிரவுசருக்கும் சேர்த்துப் பொருந்தும். குறை என்னவென்றால், விவரம் தெரிந்த பிள்ளை செட்டிங்ஸ் போய் மாற்றிவிடலாம். சில கம்பெனி போன்களில் 'ஆப் லாக்' என்று ஒன்று இருக்கும். அதில் செட்டிங்ஸையே பூட்டி வைக்கலாம். அது இல்லாத போனில் வாரம் ஒரு தடவை நாமே பார்த்துக் கொள்ள வேண்டும்.

இதோடு பிளே ஸ்டோரில் 'பேரன்டல் கண்ட்ரோல்ஸ்' என்பதை இயக்கி, ஒரு பின் நம்பர் போட்டு, வயதுக்கேற்ற ஆப் மட்டும் காட்டும்படி வையுங்கள். கூகுளில் 'சேஃப் சர்ச்' என்பதை 'ஃபில்டர்' என்று வையுங்கள். யூடியூப்பில் 'ரெஸ்ட்ரிக்டட் மோடு' இருக்கிறது, அதையும் இயக்கலாம். குட்டிப் பிள்ளைகளுக்கு 'யூடியூப் கிட்ஸ்' தனி ஆப்பாகவே வருகிறது. பணம் அனுப்பும் ஆப்புகளின் பின் நம்பரைப் பிள்ளை முன்னால் அடிக்காதீர்கள், இது தனிப் பாடமாகவே போடக் கூடிய விஷயம்.

பூட்டுக்குள் அடங்காதவை

மேலே சொன்னது எல்லாம் வெப்சைட்டுக்குத்தான். வாட்ஸ்அப்பில் ஒருவர் நேராக அனுப்பும் வீடியோவை இவை எதுவும் நிறுத்தாது. அதற்கு வாட்ஸ்அப்புக்குள்ளேயே இரண்டு வேலை செய்ய வேண்டும். செட்டிங்ஸில் 'ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா' போய், போட்டோவும் வீடியோவும் தானாக இறங்குவதை நிறுத்துங்கள். 'பிரைவசி' என்பதில் 'குரூப்ஸ்' போய், தெரிந்தவர்கள் மட்டுமே குரூப்பில் சேர்க்கலாம் என்று வையுங்கள். நெட் செலவும் மிச்சம். வீட்டு ஆண்களின் போனிலும் இதைச் செய்யச் சொல்லுங்கள். முக்கியமாக அங்கேதான் செய்ய வேண்டும்!

இன்ஸ்டாகிராமுக்கு 13 வயது ஆகியிருக்க வேண்டும் என்பது அந்தக் கம்பெனியின் விதி. 2025 பிப்ரவரியிலிருந்து நம் நாட்டிலும் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குத் தனிக் கணக்கு முறை கொண்டு வந்திருக்கிறார்கள். முன்பின் தெரியாதவர்கள் மெசேஜ் அனுப்ப முடியாது, ராத்திரி பத்து மணி முதல் காலை ஏழு மணி வரை அறிவிப்பு ஒலிக்காது. 16 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் சம்மதம் இல்லாமல் இதைத் தளர்த்த முடியாது. ஆனால் இதிலும் வயதைப் பொய்யாகக் கொடுத்திருந்தால் ஒன்றும் கிடைக்காது.

பூட்டு அதிகமாகவும் ஆகிவிடக் கூடாது. மாதவிடாய் பற்றியோ மார்பகப் பரிசோதனை பற்றியோ படிக்கப் போன பெண்ணுக்கு 'தடுக்கப்பட்டது' என்று வந்தால் அது தப்பு. அப்படி வந்தால் அந்த சைட்டை நாமே அனுமதித்து விடலாம். பிளஸ் டூ படிக்கும் பிள்ளைக்கு எட்டு வயதுப் பிள்ளையின் பூட்டைப் போடுவதும் சரியல்ல. அவர்கள் மெசேஜ் ஒவ்வொன்றையும் எடுத்துப் படிப்பது கண்காணிப்பு ஆகாது, வேவு பார்ப்பதாகிவிடும்.

இன்னொரு விஷயத்தை வெளிப்படையாகவே சொல்கிறோம். பல வீடுகளில் பையன் போனுக்குப் பூட்டே கிடையாது, பெண் போனை மட்டும் தினமும் சோதிக்கிறார்கள். கெட்ட வீடியோவைப் பார்த்து வளரும் பையன், பெண்களை எப்படிப் பார்ப்பான் என்று யோசித்துப் பாருங்கள். போட்டால் இரண்டு பேருக்கும் ஒரே பூட்டு.

பிள்ளை பார்த்துவிட்டால்?

எத்தனை பூட்டு போட்டாலும் ஒரு நாள் எங்காவது, பக்கத்து வீட்டுப் போனிலாவது, கண்ணில் படத்தான் செய்யும். அந்த நேரத்தில் நாம் என்ன செய்கிறோம் என்பதுதான் பெரிய விஷயம். "யாரோ தெரியாத ஆளு அசிங்கமா படம் அனுப்புறான்" என்று பெண் வந்து சொன்னவுடன் போனைப் பிடுங்கி, நாலு சாத்து சாத்தி, "நாளையிலேருந்து ஸ்கூலுக்குப் போக வேணாம்" என்று முடிவு கட்டுகிற வீடுகள் இருக்கின்றன. அதற்குள் மாப்பிள்ளை பார்க்கவும் ஆரம்பித்து விடுகிறார்கள். தப்பு செய்தவன் வேறு எங்கோ சௌக்கியமாக இருக்கிறான், படிப்பு போனது நம் பெண்ணுக்கு. இதைப் பார்க்கிற தங்கச்சி என்ன கற்றுக் கொள்கிறாள்? எது நடந்தாலும் அம்மாகிட்ட மட்டும் சொல்லக் கூடாது என்று கற்றுக் கொள்கிறாள். மிரட்டிப் பணமோ படமோ கேட்கிறவனுக்கு வேண்டியதும் அதுதான். பிள்ளை வீட்டில் வாய் திறக்கக் கூடாது.

அதனால் முதல் வார்த்தை, "சொன்னது நல்லதாச்சுடா கண்ணு" என்று இருக்கட்டும். பிறகு அது எப்படி வந்தது, யார் அனுப்பினார்கள் என்று நிதானமாகக் கேளுங்கள். சின்னப் பிள்ளை என்றால், "அது பெரியவங்களே பாக்கக் கூடாதது, நீ ஒண்ணும் தப்பு செய்யல, மூடிட்டு என்கிட்ட வந்து சொல்லு" என்றால் போதும். கொஞ்சம் பெரிய பிள்ளையிடம், அதில் காட்டுவது உண்மையான வாழ்க்கை இல்லை, காசுக்காக நடிப்பது, சிலவற்றில் ஆட்களைக் கட்டாயப்படுத்தியும் எடுக்கிறார்கள் என்று சொல்லலாம். வாய் வராவிட்டால் பிள்ளையின் அத்தை, சித்தி, நம்பிக்கையான ஆசிரியை யாரையாவது பேசச் சொல்லுங்கள்.

மெசேஜ் வந்த எண், பெயர், நாள், நேரம் குறித்து வையுங்கள். மிரட்டல் மெசேஜை அழிக்காதீர்கள். சின்னப் பிள்ளைகளை அசிங்கமாகக் காட்டும் படமோ வீடியோவோ வந்தால் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். "பாருங்கக்கா, இப்படியெல்லாம் வருது" என்று காட்டுவதற்காகக் கூட இன்னொருத்தருக்கு அனுப்பக் கூடாது. அனுப்பினால் நாமும் குற்றவாளி ஆகிவிடுவோம். 2024 செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் இதில் தெளிவாகத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன ஒரு வழக்கில், அப்படிப்பட்ட படங்களை அழிக்காமலும் புகார் செய்யாமலும் வைத்திருப்பதே போக்சோ சட்டப்படி குற்றமாகும் என்றார்கள். அதை 'ஆபாசப் படம்' என்று சொல்வதே சரியில்லை, அது ஒரு குழந்தைக்கு நடந்த கொடுமையின் பதிவு என்றும் சொன்னார்கள். எனவே அப்படி வந்தால் யாருக்கும் அனுப்பாமல் உடனே புகார் செய்யுங்கள்.

குழந்தைகளுக்கான உதவி எண் 1098. பணம் ஏமாந்திருந்தாலோ இணையத்தில் மிரட்டல் என்றாலோ 1930. பள்ளிக்கூடம் சம்பந்தப்பட்டது என்றால் பள்ளிக் கல்வித் துறையின் 14417. பக்கத்து மகளிர் காவல் நிலையத்துக்குப் போகப் பயமாக இருந்தால் தனியாகப் போக வேண்டாம், குழுவிலிருந்து இரண்டு பேர் கூடப் போங்கள். அதற்குத்தானே குழு?

அடுத்த கூட்டத்துக்கு

ஒவ்வொரு குழுவும் அடுத்த கூட்டத்தில் சேமிப்பு, கடன் வசூல் முடிந்தபின் அரை மணி நேரம் இதற்கு ஒதுக்கலாம். எல்லோரும் போனைச் சார்ஜ் போட்டு எடுத்து வாருங்கள். ஜிமெயில் முகவரி எழுதிய தாளையும் கொண்டு வாருங்கள், பாஸ்வேர்டு தாளை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். ஒரு போனில் ஒருத்தர் செய்ய, மற்றவர்கள் பார்த்துத் தங்கள் போனில் செய்யட்டும். முதலில் பிரைவேட் டிஎன்எஸ், பிறகு வாட்ஸ்அப்பில் தானாக இறங்குவதை நிறுத்துவது, இந்த இரண்டு மட்டும் ஒரு கூட்டத்துக்குப் போதும். ஃபேமிலி லிங்க்கை அதற்கடுத்த கூட்டத்துக்கு வைத்துக் கொள்ளலாம். கல்லூரியில் படிக்கும் பெண் இருக்கிற உறுப்பினர் அவளையும் கூட்டி வந்தால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் பின் நம்பரை மட்டும் நீங்களே அடியுங்கள்.

எத்தனை உறுப்பினர் போனில் போட்டாச்சு என்பதைத் தீர்மான நோட்டில் எழுதி, கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வரும்போது ஊக்குநர் சொன்னால் போதும். சிக்கல் வந்த போன்களையும் அன்று கொண்டு வரலாம், சேர்ந்து பார்ப்போம். கண்ணாடி போடுகிறவர்கள் மறக்காமல் எடுத்து வாருங்கள், அந்த எழுத்தெல்லாம் ரொம்பப் பொடிசு.